சீப்பு சரி, கண்ணாடிதான் இடிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாயமும் கொலையும் கலந்த அந்த நாவலுக்கு உங்கள் புத்தகப் பக்கத்தில் மதிப்புரை வந்தாலும் வந்தது, மூன்று வாரமாகக் கடிதப் பகுதியில் சண்டை ஓயவில்லை. ஒருவர் விடிய விடியப் படித்தேன் என்கிறார். இன்னொருவர் காதில் பூ சுற்றிவிட்டார்கள் என்கிறார். மூன்றாமவர் புத்தகத்தைத் திறந்தாரா என்பதே சந்தேகம், செத்தவரின் பெயரையே மாற்றி எழுதியிருக்கிறார், நீங்களும் அதை அப்படியே போட்டுவிட்டீர்கள். சரி, என் பங்குக்கு நானும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். முடிவை உடைக்காமல் இதைப் பேச முடியாது என்பதால் நாவலின் பெயரை எங்கேயும் சொல்லப் போவதில்லை. படித்தவர்களுக்கு அடுத்த பத்தியிலேயே தெரிந்துவிடும்.

பழைய கடிகாரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு கிழவர் தன் அறையில் செத்துக் கிடக்கிறார். கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது, ஜன்னலில் கம்பி, அவர் கைக்குள் ஒரு கடிகாரச் சாவி. விசாரிக்க வருகிற பெண்ணுக்கு ஒரு சக்தி உண்டு. எந்தப் பொருளைத் தொட்டாலும், அதன் பக்கத்தில் கடைசியாகப் பேசப்பட்ட பேச்சு அவள் காதில் விழும். இதைப் படித்த உடனே எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்புறம் துப்பறிய என்ன இருக்கிறது? சாவியைத் தொட்டால் கொலைகாரன் குரல் கேட்கும், ஆளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகலாம், எதற்கு முந்நூற்றுச் சொச்சம் பக்கம்?

ஆனால் சாவியைத் தொட்டதும் அவளுக்கு ஒன்றுமே கேட்பதில்லை. கல்லைத் தொட்ட மாதிரி. அவளுக்குச் சக்தி போய்விட்டது என்று கூட இருப்பவர்கள் நினைக்கிறார்கள், அவளும் அப்படித்தான் நினைக்கிறாள், கதை அந்தப் பயத்திலேயே நூறு பக்கம் ஓடுகிறது. கடைசியில் 263ஆம் பக்கத்தில் முடிச்சு அவிழ்கிறது. சாவி பேசாததற்குக் காரணம், அவளுக்கு முன்னாலேயே அதை யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதுதான். அதாவது, அதே சக்தி உள்ள இன்னொருவர் அந்த அறைக்குள் இருந்திருக்கிறார். கொலை செய்தது அவர்.

நான் படித்தது நூலகப் பிரதி. நூலகப் புத்தகத்தில் கிறுக்குகிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, ஆனால் இந்தப் பிரதியில் கிறுக்கியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். 263ஆம் பக்கத்தின் ஓரத்தில் யாரோ அழுத்தமாக, தாள் கிழிகிற அளவுக்கு, "ஏமாற்று வேலை!" என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தார். (பென்சில்தான், அந்த மட்டுக்கும் நல்லவர்.) நானும் மனசுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, பொடிப்பொடியாக, பொறுமையாக: "41. சீப்பு."

41ஆம் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன். அந்தப் பெண் சிறுமியாக இருந்தபோது, செத்துப்போன அம்மாவின் சீப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறாள். அம்மா கடைசியாகச் சொன்னது கேட்கிறது, பெரிய வசனம் ஒன்றுமில்லை, "தலையை ஆட்டாதே, சிக்கு எடுக்கிறேன்", அவ்வளவுதான். மறுநாள் அந்தக் குரலை மறுபடி கேட்க ஆசைப்பட்டுச் சீப்பைத் தொடுகிறாள். ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எந்தப் பொருளும் ஒரே ஒரு தடவைதான் பேசும், அப்புறம் அது வெறும் பொருள் என்று அவள் புரிந்துகொள்கிற இடம் அது. விதியை முகத்துக்கு நேரே வைத்துவிட்டுத்தான் ஆசிரியர் போயிருக்கிறார். நான்தான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்றால், கதாநாயகியின் சிறுவயது நினைவு என்று ஆரம்பித்தாலே நாலு பக்கத்தைத் தள்ளிவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. எழுதியவருக்கு என் போன்றவர்களின் இந்தப் பழக்கம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. முக்கியமான தடயத்தைக் கொண்டுபோய் எல்லோரும் வேகமாகப் புரட்டுகிற, கண்ணீர் வரவழைக்கிற பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார். இப்படி ஏமாற்றப்பட்டதில் எனக்குச் சந்தோஷம்தான்.

உங்களுக்குக் கடிதம் எழுதியவர்களில் ஒரு கட்சி, துப்பறியும் கதையில் மாயம் தலைகாட்டினாலே கதை செத்துவிட்டது என்கிறது. இந்தக் கட்சி நேற்று முளைத்ததும் இல்லை. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்பவர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். இயற்கைக்கு மேற்பட்ட சக்திகளுக்கு இங்கே இடமில்லை என்பது இரண்டாவது கட்டளை, அதுவும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்கிற தொனியில். அடுத்த வருடம், 1930இல், லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதில் சேருகிறவர்கள், தெய்வ அருள்வாக்கு, மந்திர தந்திரம், தற்செயல் இவற்றை வைத்து என் துப்பறிவாளர் வழக்கை முடிக்க மாட்டார் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பாதி விளையாட்டு, பாதி நிஜம். ஆக, மாயம் வேண்டாம் என்கிற வாசகர்கள் ஒன்றும் ரசனை கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்குப் பின்னால் பெரிய பரம்பரையே நிற்கிறது.

ஆனால் அந்தப் பரம்பரையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அற்புதங்களை நம்புகிறவர். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் இன்னும் ஒரு படி மேலே போனவர், இறந்தவர்களின் ஆவிகளோடு பேசலாம் என்று மேடை மேடையாகப் பேசியவர், இரண்டு சிறுமிகள் எடுத்த தேவதைப் புகைப்படங்களை நிஜம் என்று நம்பி 1922இல் புத்தகமே போட்டவர். (அந்தப் பெண்களில் ஒருவர் 1983இல், கிழவியான பிறகு, அது காகிதத்தில் வெட்டி நிறுத்திய வேலை என்று ஒப்புக்கொண்டார்.) அப்படிப்பட்ட மனிதர் 1924இல் வந்த இரத்தக்காட்டேரிக் கதையில் ஹோம்ஸை மட்டும் பேயா, நமக்கு வேண்டாம் என்று கறாராகப் பேச வைக்கிறார். வாழ்க்கையில் ஆவியை நம்பினவர் கதையில் அதை வாசலோடு நிறுத்திவிட்டார். அப்படியென்றால் தடை மாயத்தின் மேல் இருந்த வெறுப்பால் வந்ததாகத் தெரியவில்லை. எழுத்தாளரும் வாசகரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்தில் ஒருவர் மட்டும் நடுவில் புதுக்காயை எடுத்து வைக்கக்கூடாது என்பதுதான் கவலை. நாக்ஸின் எட்டாவது கட்டளை இதைத்தான் சொல்கிறது, துப்பறிவாளர் ஒரு தடயத்தைக் கண்டெடுத்தால் அதை உடனே வாசகர் கண்ணுக்கும் காட்டிவிட வேண்டும். இரண்டாவது கட்டளையைத் தூக்கிப் போட்டுவிட்டு எட்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் மாய நாவல் ஒன்றைத் தாராளமாக எழுதலாம் என்பது என் கட்சி.

எழுதியும் இருக்கிறார்கள். அறிவியல் புனைகதைக்குள் துப்பறியும் கதை நிற்கவே நிற்காது, மாட்டிக்கொண்டால் பையிலிருந்து ஒரு புதுக் கருவியை எடுத்துவிடுவார்கள் என்று ஜான் கேம்ப்பெல் என்ற பத்திரிகை ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். ஐசக் அசிமோவ் அதற்குப் பதிலாகத்தான் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' எழுதினார், 1954இல் நூலாக வந்தது. ரோபோ என்ன செய்யும், எதைச் செய்யவே செய்யாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் முடிச்சை அவிழ்க்கிறார். 1960களிலிருந்து ராண்டல் காரெட் எழுதிய, லார்ட் டார்சி என்ற துப்பறிவாளரின் கதைகளில் மந்திரவாதி ஒருவர் தடயவியல் நிபுணர் மாதிரி வேலை பார்க்கிறார். ஆய்வுக்கூட வேலை மந்திரத்துக்கு, முடிவுக்கு வருவது டார்சியின் மூளை.

அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும், வேதாளம் கதை படிக்காதவர்கள் நம்மில் யார்? பிணத்துக்குள் பேய் புகுந்து முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்குகிறது, ராஜா அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார், பேய் அவருக்குக் கதை சொல்லிப் புதிர் போடுகிறது. இதையெல்லாம் எட்டு வயதில் கேட்டபோது பிணம் எப்படிப் பேசும் என்று யாரும் எழுந்து போகவில்லை. ஏனென்றால் விதி முதலிலேயே வந்துவிடுகிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாயைத் திறந்தால் வேதாளம் மரத்துக்குப் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ராஜா முழிக்கிறாரே, அதுதானே சுவாரசியம். தலை மாறிப்போன கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மன் வரத்தால் செத்த இரண்டு பேர் உயிரோடு எழுகிறார்கள், அவசரத்தில் அந்தப் பெண் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள், இப்போது அவளுக்கு யார் கணவன்? உயிர் வந்தது மாயத்தில். விடை வந்தது ராஜாவின் யோசனையில், உறுப்புகளில் தலைதான் பிரதானம், ஆகையால் கணவனின் தலை உள்ளவனே கணவன் என்று. புதிரை மாயம் போடலாம், ஆனால் அவிழ்க்கிற வேலையை அதனிடம் விடக்கூடாது. சீப்பு விஷயத்தில் நம் நாவலாசிரியர் இதைத்தான் செய்திருக்கிறார், எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன்.

கொலைகாரர் யார் என்று 263இல் தெரிந்துவிட்டது. தாழிட்ட அறையிலிருந்து எப்படி வெளியே போனார்? 312ஆம் பக்கத்தில் பதில் வருகிறது. அந்த அறையில் இருந்த பெரிய நிலைக்கண்ணாடி வழியாக நடந்து போய்விட்டாராம். அது அவர் குலத்துக் கண்ணாடியாம், அவர்கள் ரத்தத்துக்கு மட்டும் வழிவிடுமாம். நானும் இந்தத் தடவை உஷாராகிவிட்டேன், சீப்பில் பட்ட அவமானம் போதும் என்று புத்தகத்தை முதலிலிருந்து ஒரு வரி விடாமல் படித்தேன். கண்ணாடி மொத்தம் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, 88ஆம் பக்கத்தில், அறையில் இருக்கும் சாமான்களை அடுக்கிக்கொண்டே போகும்போது, துணி போர்த்திய நிலைக்கண்ணாடி என்று. அவ்வளவுதான். கண்ணாடி வழியாக ஆள் போக முடியும் என்று யாரும் சொல்லவில்லை, வதந்தியாகக் கூட இல்லை, ஒரு பாட்டி கதையில் கூட இல்லை. அந்தத் துணியாவது எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். ஒரு கதைக்கு ஒரு இரகசிய வழிக்கு மேல் கூடாது என்றும் நாக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கண்ணாடி அந்தப் பழைய இரகசிய வழிதான், மேலே மந்திரச் சாயம் பூசியிருக்கிறது.

அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். அவள் மாய நாவல்களாகவே படித்து வளர்ந்தவள், எண்ணூறு பக்கம் என்றால்தான் கையிலேயே எடுப்பாள். "மாமா, நீங்க கதை படிக்கிறீங்களா, கேஸ் நடத்துறீங்களா?" என்றாள். அவளுக்கு அந்தக் கண்ணாடி இடம்தான் புத்தகத்திலேயே பிடித்த இடமாம். கொலைகாரர் கண்ணாடிக்குள் கால் வைக்கும்போது உள்ளே தெரிகிற தன் முகம் தனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதைப் பார்க்கிறார் என்று ஒரு வரி வருகிறது. நல்ல வரிதான், நான் மறுக்கவில்லை. அவளுடைய குறை நேர் எதிர்ப்பக்கம். அந்த உலகம் எவ்வளவு அழகாக இருக்கிறது, பேசாத பொருள்களுக்கென்று தனி ஒரு கிடங்கே இருக்கிறது, அதற்குள் இரண்டு பக்கம்தான் கூட்டிப்போகிறார்கள், மீதி நேரமெல்லாம் யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்று ஒரே விசாரணை, போர் என்கிறாள். கொலையை எடுத்துவிட்டால் நல்ல நாவல் என்பது அவள் தீர்ப்பு. நான் கண்ணாடியை எடுத்துவிட்டால் நல்ல நாவல் என்கிறேன். ஒரே புத்தகத்துக்குள் இரண்டு வாசகர்கள் இரண்டு வெவ்வேறு புத்தகங்களைத் தேடியிருக்கிறோம், இருவருக்கும் பாதிதான் கிடைத்திருக்கிறது. உங்கள் பக்கத்தில் நடக்கிற சண்டையிலும் பாதி இந்த வகைதான் என்று சந்தேகப்படுகிறேன்.

அதற்காக, யாருக்கு எது பிடிக்கிறதோ அது அவரவர் ரசனை என்று சொல்லிக் கையைக் கழுவவும் எனக்கு மனமில்லை. அகதா கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்டு நாவல் 1926இல் வந்தபோதும் வாசகர்கள் இரண்டு பட்டார்கள், ஏமாற்று என்று ஒரு சாரார், பிரமாதம் என்று ஒரு சாரார். அதில் ஒரு சொட்டு மாயம் கிடையாது. ஆனால் முடிவு தெரிந்தபின் திரும்பப் படித்தால் ஒவ்வொரு வரியும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அதனால்தான் கத்தினவர்கள் ஓய்ந்தபின்னும் புத்தகம் நிற்கிறது. திரும்பப் படிக்கிற சோதனையை நம் நாவலுக்கு வைத்துப் பார்த்தேன். 41 தாண்டியது. 88 தாண்டவில்லை. இதில் ரசனைக்கு இடமில்லை, பக்கம் புரட்டினால் யாருக்கும் தெரியும்.

முடிவைச் சொல்லாமல் தொங்கவிட்டிருக்கலாமே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சுஜாதாவின் கொலையுதிர் காலம் நினைவில் அவர் சொல்லியிருக்கலாம், கணேஷும் வசந்தும் ஆவியா அறிவியலா என்று இழுபறிப் படுகிற கதை. அந்த வழி இங்கே எடுபடாது. அங்கே மாயம் உண்டா இல்லையா என்பதே கேள்வி. இங்கே மாயம் உண்டு என்று முதல் அத்தியாயத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது, மிச்சம் இருந்தது அந்த மாயத்தால் என்னென்ன முடியும் என்கிற கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கில்தான் கடைசியில் இடித்தது.

மற்றக் குறைகள் இருக்கின்றன. முதல் அறுபது பக்கத்தில் இருபது பெயர்கள். துணை விசாரணை அதிகாரி எதற்கு வருகிறார் என்றே தெரியவில்லை, டீ குடிக்கிறார், போகிறார். கடைசி வரியில் அடுத்த பாகத்துக்குக் கொக்கி போட்டிருக்கிறார்கள், அதைத் தனியாக இன்னொரு கடிதத்தில் திட்டுகிறேன்.

உங்கள் மதிப்புரையாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "மர்மமும் மாயமும் கைகோக்கும் விறுவிறுப்பான படைப்பு" என்று எழுதியிருந்தார். இது பின்னட்டையிலும் இருக்கிறது, கிட்டத்தட்ட இதே சொற்களில். மாயம் இருக்கிறது என்பது அட்டைப்படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே, அதைச் சொல்ல மதிப்புரை எதற்கு? இந்த மாயத்துக்கு வரம்பு உண்டா, அந்த வரம்பைக் கொலைக்கு முன்னால் சொல்கிறார்களா, பின்னால் சொல்கிறார்களா, இந்த ஒன்றை, முடிவை உடைக்காமலே, இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் மாயமே ஆகாது என்கிறவர்கள் பாதிப் பேர் தைரியமாக எடுத்திருப்பார்கள், என் அக்கா மகள் மாதிரி ஆட்கள் விசாரணை அதிகம் என்று தெரிந்தே வாங்கியிருப்பார்கள், உங்களுக்கும் இத்தனை கடிதம் வந்திருக்காது. (ஒருவேளை அதற்காகத்தான் சொல்லவில்லையோ என்னவோ.)

நேற்றுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுக்குமுன் 312ஆம் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்தேன். அங்கே அந்த அழுத்தக் கையெழுத்துக்காரர் ஒன்றும் எழுதவில்லை, 263ஓடு கோபித்துக்கொண்டு மூடிவிட்டார் போலிருக்கிறது. பொடிக் கையெழுத்துக்காரர் மட்டும் ஓரத்தில் "88?" என்று எழுதி, பிறகு அதைப் பாதி அழித்திருந்தார். நூலகத்தில் கடன் வாங்கிய பென்சிலால் அதை மறுபடி தெளிவாக எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
நூலகப் புத்தகத்தில் முதல்முறையாகக் கிறுக்கிய ஒரு வாசகன்